என் பல்லுக்கு யார் கையெழுத்து?

மேலூர்
9-6-2025

அண்ணே,

நலமா என்று விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சாயங்காலம் நீ அம்மாவிடம் போனில் பேசியதை நானும் கேட்டேன். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசும் என்பது உனக்கே தெரியும். "அம்புட்டுப் பல்லையும் எடுத்துருவோம்மா. ஒரே நாள்ல சோலி முடிஞ்சிரும். ஜூலை நாலாந்தேதின்னு டாக்டர்ட்ட சொல்லிட்டேன்" என்றாய். "அவ கேட்டுக்கிட்டு இருக்காடா" என்று அம்மா சொன்னது. அதற்கு நீ, "கேட்டா கேக்கட்டும், அவளுக்குத்தான செய்றோம்" என்றாய்.

அந்தப் பல் யாருடைய வாயில் இருக்கிறது அண்ணே? எனக்கு இருபத்தாறு வயது. ஒரு மாட்டை விற்பதென்றால்கூட அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். நீ திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு என் வாயைக் காலி செய்ய நாள் குறித்துவிட்டாய்.

அந்த ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கும். மீதியை நான் சொல்கிறேன். இடது பக்கம் கடைவாயில் வலி தாங்காமல் காளை அண்ணன் ஆட்டோவில் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் போனோம். உள்ளே போனதும் அவர் அம்மாவைப் பார்த்து, "பாப்பாவுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார். பாப்பா! நான் வாயைத் திறந்து பதில் சொல்லத் தொடங்கினேன். எனக்கு ஒரு வாக்கியம் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் கண்ணாடி வைத்த இரும்புக் கம்பியை உள்ளே விட்டுவிட்டார்.

இரும்பு பல்லில் பட்டால் என் தாடை தானாகப் பூட்டிக்கொள்ளும். இது கோபத்தில் செய்வதில்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறி எனக்கு வந்த பெருமூளை வாதம் கை, கால், நாக்கு எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு ஆட்டுகிறதே, அதே வேலைதான் இதுவும். அதனால்தான் வீட்டில் எனக்கு எவர்சில்வர் கரண்டியில் ஊட்டுவதில்லை. இதை அவருக்குச் சொல்ல என்னிடம் வாய் இருந்தது. அந்த வாயில் அவருடைய கம்பி இருந்தது. அவர் விரலும் மாட்டிக்கொண்டது. கையை உதறிக்கொண்டே சீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினார். பிறகு அம்மாவிடம், "இவங்களுக்கெல்லாம் பல்ல வச்சுக் காப்பாத்த முடியாதும்மா. மயக்கம் குடுத்து மொத்தமா எடுத்துட்டா உங்களுக்கும் நிம்மதி" என்றார்.

உங்களுக்கும் நிம்மதி. அந்த வார்த்தையை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றி எரிகிறது. வலித்தது எனக்கு, நிம்மதி உங்களுக்கா?

வலிக்கிற பல்லை எடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வலிக்காத பல் என்ன பாவம் செய்தது? நாலாம் தேதியை நிறுத்து.

போனில் சொல்லாமல் ஏன் தபால் என்று யோசிப்பாய். போனில் நான் வாயெடுத்தால், "சரி சரி, புரிஞ்சிருச்சு, அம்மாட்ட குடு" என்கிறாய். வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முடிகிறவரை படித்துத்தான் ஆக வேண்டும். பதிலும் கடிதமாகவே வரட்டும். கட்டைவிரல் வேண்டாம்.

முத்துமீனா


திருப்பூர்
14-6-2025

அன்புத் தங்கச்சி முத்துமீனாவுக்கு,

உன் கடிதம் கம்பெனி முகவரிக்கு வந்தது. இந்தக் காலத்தில் யாரப்பா லெட்டர் போடுவது என்று கட்டிங் மாஸ்டர் முதல் டீக்காரர் வரை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அப்படியே மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். படித்ததும் வந்த கோபத்தில் அன்றைக்கே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதனால் இரண்டு நாள் தள்ளி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு எழுதிக் கொடுத்தது யார்? நீ போகிற பயிற்சி மையத்தில் இருக்கிற அந்த ஆயிஷா டீச்சர்தானே? எனக்குத் தெரியாதா? நீ என்னைப் பார்த்து இப்படியெல்லாம் பேசுகிற பெண்ணே இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. அண்ணன் தங்கச்சிக்கு நடுவில் மூட்டிவிடுவது அவர் வேலையில்லை. நான் அங்கே வரும்போது அவரிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

நீ என்னமோ உன்னை வெட்டிப் போடச் சொன்ன மாதிரி எழுதியிருக்கிறாய். போன மாதம் பல்வலியில் நீ கத்திய கத்தலை அம்மா போனில் எனக்குக் கேட்க வைத்தது. சாப்பிடாமல் கிடந்தாய். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, உன்னைத் தூக்கி உட்கார வைத்தே இடுப்பு போய்விட்டது. தினமும் உன் வாயைத் திறக்க வைத்துத் தேய்ப்பதற்குள் அதற்கு உயிர் போகிறது. இன்று மூன்று பல் போனால் அடுத்த வருஷம் இன்னும் நாலு பல் போகும். ஒவ்வொரு தடவையும் உன்னைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். படித்த டாக்டர் சொல்கிறார், ஒரே தடவையில் முடியும் என்கிறார். அதைக் கேட்டது தப்பா? வேண்டுமானால் பிறகு பல்செட் வைத்துக்கொள்ளலாம்.

உன்னை ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தோளில் தூக்கிப்போனது எவன்? அந்த டீச்சரா? எனக்கு முப்பத்திரண்டு வயது முடியப்போகிறது. நம் வீட்டு நிலைமையைக் கேட்டுவிட்டு எத்தனை இடம் தட்டிப்போனது என்று உன்னிடம் நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா? எல்லாவற்றையும் வாயைத் திறக்காமல்தான் செய்தேன். இப்போதும் உன் நல்லதுக்குத்தான் செய்கிறேன்.

நாலாம் தேதி அம்மாவுடன் சமர்த்தாகப் போய்வா. வலிக்காது. மயக்கத்தில் ஒன்றும் தெரியாது.

உன் அண்ணன்
ராஜபாண்டி


மேலூர்
18-6-2025

அண்ணே,

யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாயல்லவா? சொல்கிறேன், உட்கார்ந்துகொள்.

பொங்கலுக்கு வந்தபோது வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று என் நாற்காலிப் பையைக் கவிழ்த்தாய். அதில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய குச்சி ஒன்று இருந்தது. ஒரு நுனியில் ரப்பர், மறு நுனியில் டியூப் சுற்றியிருந்தது. "என்னம்மா இந்தக் குப்பையெல்லாம் சேத்து வச்சிருக்கா" என்று சொல்லி வெளியே எறிந்தாய். நான் கத்தினேன். "பொங்கச் சோறு வேணுமாம்" என்று நீயாக அர்த்தம் சொல்லி ஒரு கிண்ணம் கொண்டுவந்தாய்.

அதுதான் என் பேனா. டியூப் சுற்றிய நுனியை வலது கடைவாயில் கடித்துக்கொண்டு, மறு நுனியால் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். கை கேட்காது, கழுத்து ஓரளவு கேட்கும். நீ திருப்பூர் போன பிறகு பழகினேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை நான் பேசப் பேச ஒருவர் எழுதினாரே, அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தாயா? மையத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பென்ஷன் மனுவை அடித்துக் கொடுப்பது யார்? ஆயிஷா டீச்சர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்கண்ணன் எனக்கு இம்புட்டு நல்லாத் தமிழ் எழுத வரும்னு நம்புறாரே, சந்தோஷம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சொந்தக் கோபத்தைக்கூட இன்னொருத்தர் கடன் கொடுத்தது என்று என் அண்ணனே நினைக்கிறான்.

இப்போது புரிகிறதா, நீங்கள் எதைப் பிடுங்கப் போகிறீர்கள் என்று? பல் போனால் குச்சி போகும். குச்சி போனால் இந்தக் கடிதம் போகும். அதற்குப் பிறகு நான் பொங்கல் சோறு கேட்கிறேனா, உன்னைத் திட்டுகிறேனா என்று நீயாகத்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பல்செட்டாம். என் நாக்கு ஒரு இடத்தில் நிற்குமா? நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அது பல்செட்டை வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டால் தொண்டைக்குள் போய் அடைக்கும். அந்த டாக்டர் இதை அம்மாவிடம் சொன்னாரா? உன்னிடம் சொன்னாரா? யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது மென்று தின்கிற இட்லியும் மீனும் போய் ஆயுசுக்கும் கஞ்சிதான். இன்னொன்று, போர்வையை இழுத்துப் போர்த்துவது, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பது, விழுந்த துணியை எடுப்பது எல்லாம் பல்லால்தான். உங்களுக்குக் கை இரண்டு. எனக்குக் கை என்று இருப்பது இது ஒன்றுதான்.

நீ என்னைத் தோளில் தூக்கியதை நான் மறக்கவில்லை. உன் கழுத்தில் எச்சில் வழியும், நீ சட்டைக் காலரில் துடைத்துக்கொண்டே நடப்பாய். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த அண்ணன் இப்போது எங்கே போனான் என்றுதான் எனக்கு ஆத்திரம்.

ஏனென்றால் இன்னொரு விஷயமும் தெரிந்துவிட்டது. பெரியப்பா மகள் அன்னக்கொடி அக்கா நேற்று வந்திருந்தது. ஜூலை பதிமூன்றாம் தேதி உனக்குத் திருமங்கலத்தில் நிச்சயதார்த்தம் என்றது. அதற்கு ஒன்பது நாள் முன்னால் என் பல். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கச்சி போட வேண்டிய தாலி முடிச்சை அக்காவைப் போடச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயாம். "ஒனக்கும் செரமம் பாரு" என்று என் தலையைத் தடவியது.

நீ முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் தங்கச்சி போடுவதுதானே நம் வழக்கம்? நான் செத்தா போய்விட்டேன்?

ஒரே கேள்வி. நேராகப் பதில் சொல். என் பல்லைப் பிடுங்குவது என் வலிக்காகவா, உன் நிச்சயதார்த்தத்துக்காகவா?

முத்துமீனா


திருப்பூர்
23-6-2025

முத்து,

குச்சி விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. சொன்னாய், எனக்குப் புரியவில்லை என்று மறுபடியும் எழுதுவாய். சரி.

நேராகப் பதில் கேட்டாய். சொல்கிறேன். இரண்டுக்காகவும்தான்.

சித்திரையில் பெண்வீட்டார் நம் வீட்டுக்கு வந்தபோது பெண்ணின் அம்மா உன் பக்கத்தில் உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, ஒங்க தங்கச்சிக்கு வாயில வாடை அடிக்குது, எச்சி வேற வடியுது. மேடையில பொண்ணு பின்னாடியே நின்னா சனம் ஒரு மாதிரி பாக்கும்" என்றார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கேயே எனக்குப் பதில் வந்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். வரவில்லை. எத்தனையோ இடம் தட்டிப்போன பிறகு அமைந்த இடம். இளமதி நல்ல பெண். அவளிடம் போனில் பேசினால் இந்த வயதில் எனக்குச் சிரிப்பெல்லாம் வருகிறது. அந்த நேரத்தில்தான் டாக்டர் எல்லாப் பல்லையும் எடுக்கலாம் என்றார். வலியும் போகும், வாடையும் போகும் என்று சட்டென்று பிடித்துக்கொண்டேன்.

இதில் உனக்குக் கெடுதல் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பல் என்றால் சிரிக்கவும் சாப்பிடவும்தான் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது என்னதான் செய்யச் சொல்கிறாய்? டாக்டர் பொய் சொல்வாரா? அம்மா என்னை நம்பி நிற்கிறது. நாள் குறித்தாகிவிட்டது, அங்கே மயக்கம் கொடுக்கிறவரையும் வரச் சொல்லிவிட்டார்கள். உன் பேச்சைக் கேட்டு நிறுத்தி, ஆறு மாதத்தில் நீ மறுபடி வலியில் கத்தினால் அப்போது யார் வந்து நிற்பார்கள்? இங்கே லீவு கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அன்னக்கொடி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. முடிச்சு விஷயத்தை இப்போது பேச வேண்டாம்.

ராஜபாண்டி


மேலூர்
26-6-2025

அண்ணே,

முடிச்சு விஷயத்தை இப்போது பேச வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நாலாம் தேதி நெருங்கிவிட்டது. அதனால் முதலில் பல்.

வாடை அடிப்பது உண்மைதான். அந்த அம்மா மீது எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. வாடை என்னோடு பிறந்ததில்லை. எங்கிருந்து வந்தது என்று ஆயிஷா டீச்சர் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். எனக்கு வலிப்பு வராமலிருக்க ராத்திரி கொடுக்கிற சிரப் தேன் மாதிரி பிசுபிசுப்பு. அதன் அடிக்கசப்பு போகட்டும் என்று அம்மா கூடவே நாட்டுச்சர்க்கரை ஒரு சிட்டிகை நாக்கில் வைக்கும். அப்படியே படுக்க வைத்துவிடும். சின்ன வயதில் ஒருமுறை வாய் கொப்பளிக்க ஊற்றிய தண்ணீர் எனக்குப் புரையேறி மூச்சு நின்றுபோனதே, அன்றிலிருந்து ராத்திரியில் என் வாயில் தண்ணீரே விட்டதில்லை. என் நாக்குக்கு வாயைத் துழாவிச் சுத்தம் செய்யவும் வராது. சர்க்கரை விடியும்வரை கடைவாயிலேயே கிடக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது.

இதைக் கேட்டதும் அம்மா மையத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டது. "எம்புள்ள கசப்புத் திங்கக் கூடாதுன்னுதானம்மா வச்சேன்" என்றது. எனக்கு அம்மா மீது துளியும் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் சிரப் எழுதிக் கொடுத்த டாக்டர்களில் ஒருத்தர்கூட, ராத்திரி மருந்துக்குப் பிறகு வாயைத் துடையுங்கள் என்று சொல்லவில்லையே, அவர்கள் மீதுதான் வருகிறது. காலைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள். எனக்கு வாய் இருக்கிறது என்பதே அது நாறிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததும் பிடுங்கு என்கிறார்கள்.

இப்போது ராத்திரி என்னைச் சாய்த்து உட்கார வைத்து, பின்னால் நின்று தலையைத் தாங்கிக்கொண்டு, ஈரத் துணியைச் சுருட்டி ஒரு பக்கம் கடிக்கக் கொடுத்துவிட்டு மறுபக்கம் தேய்க்கிறது அம்மா. தண்ணீரே வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். உயிர் போகிறது என்றாயே, போகவில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே தேய்க்கிறது.

மதுரையில் டாக்டர் இம்மானுவேல் என்று ஒரு பல் டாக்டர் எங்களைப் போன்றவர்களைப் பார்க்கிறார் என்று மையத்தில் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்ப்பாராம். நாலாம் தேதி அங்கே போகலாம் என்றால் அம்மா, "ராஜபாண்டி ஒரு வார்த்த சொல்லாம நான் எப்புடிடி" என்கிறது. என் அம்மாவுக்கு என் வார்த்தை வார்த்தையே இல்லை. உன் வார்த்தைதான் வேண்டும். அதைக் கேட்டு எழுதுவது எனக்கு எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று நினைத்துப் பார்.

மாட்டுத்தாவணி ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்தை அம்மா போட்டால் போதும் என்றார்களாம். ஏன்? நான் ஓட்டுப் போடுகிறேன். போன தேர்தலில் என் விரலிலும் மை வைத்தார்கள். என் பல்லுக்கு மட்டும் என் கையெழுத்து செல்லாதா?

உன்னிடம் நான் கெஞ்சவில்லை. தெரியப்படுத்துகிறேன். நாலாம் தேதி அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போவீர்கள் என்றால், மயக்கம் கொடுக்கிறவர் வரும்வரை என் வாய்க்கு அருகில் எந்தக் கை வந்தாலும் கடிப்பேன். சென்ற தடவை கடித்தது என் தாடை. இந்தத் தடவை கடிப்பது நான்.

முத்துமீனா


மேலூர்
8-7-2025

அண்ணே,

நாலாம் தேதி விடியற்காலை நீ வாசலில் பையோடு வந்து நின்றாய். என்னைத் தூக்கி காளை அண்ணன் ஆட்டோவில் உட்கார வைத்தாய். எங்கே என்று சொல்லவில்லை. மாட்டுத்தாவணி வந்தபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராகிவிட்டேன். ஆட்டோ அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனது. "எங்க போறோம்னு சொல்லித் தொலைக்கலாம்ல" என்று உன்னைத் திட்டினேன். "திட்டுற, அதானே?" என்றாய். சரியாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஆனாலும் நீ அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். பேச வேண்டியதைப் பேசவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

டாக்டர் இம்மானுவேலும் ஒன்றும் தேவதூதர் இல்லை. அவரும் முதலில் உன்னைப் பார்த்துத்தான், "எந்தப் பக்கம் வலிக்குதாம்?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இங்கேயும் இதே கதையா என்று நினைத்தேன். அப்போது நீ, "அவட்டயே கேளுங்க சார். கொஞ்சம் நேரமாகும், ஆனா சொல்லிருவா" என்றாய்.

அவர் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் சொன்னேன். இரும்பு வேண்டாம், தலையைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், குச்சி கடிக்கிற பல் எதுவென்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அவரும் குறுக்கே பேசவில்லை, நீயும் பேசவில்லை. என் ஆயுசில் நான் நிறுத்தாமல் பேசி முடித்த முதல் பேச்சு அதுதான்.

எடுத்தது இடது கடைவாயில் மூன்று. மற்றதில் சிலவற்றை அடைத்தால் போதும் என்றார். படிவத்தைக் கொண்டுவந்ததும் நீ பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போய், நிறுத்தி, என் வாயில் வைத்தாய். என் கையெழுத்து காகிதத்தைத் தாண்டி மேஜை வரைக்கும் போனது. அந்த மேஜையில் அது இன்னும் இருக்கும்.

சரி, இதற்காக உன்னைப் பாராட்டுவேன் என்று காத்திருக்காதே. ஒரு மனுஷியின் பல்லைப் பற்றி அவளிடமே கேட்டதற்குப் பாராட்டு எதற்கு? கேட்காமலிருந்ததற்குத்தான் கோபப்பட வேண்டும். அது இன்னும் ஆறவில்லை.

இப்போது முடிச்சு.

பதிமூன்றாம் தேதி நான் திருமங்கலத்துக்கு வருவேன். எச்சில் வடியும். அதைப் பிடுங்கி எடுக்க எந்த டாக்டராலும் முடியாது, துண்டு வைத்துத் துடைத்துக்கொள்வேன். வாடை குறைந்துவிட்டது, வேண்டுமானால் இளமதியின் அம்மா மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். கல்யாணத்தில் முடிச்சை நான்தான் போடுவேன். கையால் வராது. அன்னக்கொடி அக்கா கயிற்றைச் சுற்றி ஒரு நுனியைப் பிடிக்கட்டும். மறு நுனியை நான் பல்லால் கடித்து இழுத்து இறுக்குவேன். மண்டபத்தில் அத்தனை சனத்துக்கும் முன்னால். சிலர் முகத்தைத் திருப்புவார்கள். சிலர் வீடியோ எடுப்பார்கள். அதற்கெல்லாம் சம்மதம் என்றால் எழுது. வெட்கமாக இருந்தால் அதையும் நேராக எழுது. நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், ஆனால் உன்னை மன்னிக்க மாட்டேன்.

முத்துமீனா


திருப்பூர்
17-7-2025

முத்து,

நிச்சயதார்த்தத்தில் உனக்குத் தனியாகப் பதில் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. அங்கே நடந்ததை எழுதுகிறேன், அதில் உனக்குத் தெரியாததும் ஒன்று இருக்கிறது.

சாப்பிடும்போது இளமதி உன்னிடம் ஏதோ கேட்டாள், நீயும் சொன்னாய். அவளுக்குப் புரியாமல் என்னைப் பார்த்தாள். "நீங்க வந்தது ரொம்பச் சந்தோஷமாம்" என்று நான் வழக்கம்போல் அடித்துவிட்டேன். நீ தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாய். அவள் விடவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் காதைக் கொடுத்தாள். மூன்றாவது தடவையில் புரிந்துகொண்டாள். கேசரியில் சர்க்கரை அதிகம், பல் கெட்டுப்போகும் என்று சொன்னாயாம். அது அவர்கள் வீட்டில் செய்த கேசரி. இளமதி சிரித்த சிரிப்பில் அவள் அம்மா திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று கிளம்பும்போது அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முடிச்சு என் தங்கச்சிதான் போடும், பல்லால்தான் போடும், இதில் மாற்றமில்லை என்று. முகம் சுருங்கியது. "சனம் என்ன சொல்லும் தம்பி" என்றார்கள். "சொல்றத சொல்லட்டும் அத்தே, அவளும் திருப்பிச் சொல்லுவா. ஒங்களுக்குத்தான் புரியாது" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. இன்னும் அவர்களுக்கு முழு மனசு இல்லை. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நேராக எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். ஆனால் நீ இல்லாமல் மேடையில் உட்கார்ந்தால் அதைவிட வெட்கமாக இருக்கும்.

இத்துடன் ஒரு முழம் மஞ்சள் கயிறு மடித்து வைத்திருக்கிறேன். ஆவணியில்தான் கல்யாணம், இன்னும் நாள் இருக்கிறது. பழகிக்கொள்.

ராஜபாண்டி


மேலூர்
22-7-2025

அண்ணே,

கயிறு வந்தது. மட்டமான கயிறு. எங்கே வாங்கினாய்?

நாற்காலியின் கைப்பிடியில் கட்டி இழுத்துப் பார்த்தேன். முடிச்சு நன்றாகவே விழுகிறது, அம்மாவால் அவிழ்க்க முடியவில்லை, கத்தரியால் வெட்டித்தான் எடுத்தது. ஆனால் சாயம் விடுகிறது. பல்லெல்லாம் மஞ்சள். அம்மா ராத்திரி துணி வைத்துத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

கல்யாணத்தன்று அத்தனை சனத்துக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கப்போகிறவள் நான். நல்ல கயிறாகப் பார்த்து வாங்கு.

முத்துமீனா